உடும்புக் குட்டியை வளர்க்கலாமா?



மழை ஓய்ந்த ஒரு காலை. தோட்டத்துக் கரையான் புற்றருகே உடும்புக் குட்டி ஒன்று உங்கள் கண்ணில் படுகிறது. பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி இழுக்கிறது. "இதை ஒரு பெட்டியில் வைத்து வளர்த்தால் என்ன?" என்று ஆசை எழுகிறது. ஆசை இயல்பானதே. ஆனால், வளர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன். சரிதானா என்று நீங்களே சிந்தித்து முடிவு செய்யுங்கள்.

சிறுவனாக இருந்தபோது நான் ஓர் ஓணானைப் பிடித்து அட்டைப் பெட்டியில் வைத்தேன். காற்றுக்குத் துளைகள் போட்டேன். சோறும் கீரையும் வைத்தேன். நான்காம் நாள் அது இறந்து கிடந்தது. என் அன்பில் குறைவில்லை. அதன் உடல் எப்படி இயங்குகிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

உடும்பின் உடல் எப்படி இயங்குகிறது? நம் உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. உடும்போ வெயிலில் படுத்துச் சூடேற்றிக்கொள்கிறது. சூடு மிகுந்தால் நிழலுக்கோ வளைக்கோ போய்விடுகிறது. போதிய வெப்பம் இல்லாவிட்டால் தின்ற இரைகூடச் சரியாகச் செரிக்காது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் அதன் தோலில் வைட்டமின் 'டி' உண்டாக உதவுகின்றன. அந்த வைட்டமின் குறைந்தால் கால்சியம் உடலில் சேராது. எலும்புகள் வலுவிழந்து வளைந்துவிடும்.

அந்த நாக்கையும் கவனியுங்கள். அது காற்றிலும் மண்ணிலும் உள்ள மணத் துகள்களை வாய்க்குள் கொண்டுவருகிறது. மேலண்ணத்தில் உள்ள ஜேகப்சன் உறுப்பு அவற்றை ஆராய்ந்து, இரை எங்கே என்று அறிய உதவுகிறது. வண்டு, நத்தை, நண்டு, முட்டை, எலி என்று பலவற்றை இப்படித் தேடித் தின்னும் பிராணி அது. நடந்து, தோண்டி, மரமேறிப் பழகிய அந்த உடலுக்கு ஒரு பெட்டி எம்மாத்திரம்? இன்று ஒரு சாண் அளவே உள்ள குட்டி, வளர்ந்தால் வால் உட்பட ஒன்றரை மீட்டரை எட்டக்கூடும்!

சில நாடுகளில் உடும்பு வளர்க்கத் தடையில்லை. கானா, டோகோ, பெனின் ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து புல்வெளி உடும்புக் குட்டிகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாகியுள்ளன. 'புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது' என்று சொல்லி விற்பதும் உண்டு. உண்மை என்ன? ஓர் அறை அளவுக்கு இடம் வேண்டும். வளை தோண்ட ஆழமான மண் வேண்டும். வெயில் காயும் இடத்தில் தரை 50 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட வேண்டும். இயற்கையில் பெரும்பாலும் பூச்சிகளையும் நத்தைகளையும் தின்னும் அதற்கு எலிகளையே கொடுத்துக் கொழுக்க வைத்துவிடுகிறார்கள். நோயுற்று, இளமையிலேயே இறப்பவை பல.

"நாயை வளர்க்கவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நாய் பல ஆயிரம் ஆண்டுகளாக, தலைமுறை தலைமுறையாக, மனிதனோடு வாழ்ந்து மாறிய விலங்கு. உடும்பு அப்படி மாறவில்லை. அது உங்கள் கையில் அசையாமல் இருந்தால் பழகிவிட்டது என்று எண்ணாதீர்கள். அச்சத்தாலும் குளிராலும்கூட அது அசையாமல் இருக்கும்.

நம் நாட்டில் சட்டமும் இதையே சொல்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் உள்ள அதே பட்டியலில், உடும்பும் இருக்கிறது. அதைப் பிடிப்பதே வேட்டையாடியதாகக் கருதப்படும். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. கஞ்சிராவுக்குத் தோல் வேண்டும், மருந்துக்குக் கறி வேண்டும் என்று மனிதன் கொன்றது போதாதா? அன்பின் பெயராலும் கொல்ல வேண்டுமா?

அப்படியானால் உடும்பின்மேல் ஆசை கொண்ட மாணவன் என்ன செய்வது? ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் அமைதியாக உட்காருங்கள். காலையில் எத்தனை மணிக்கு வெளியே வருகிறது? எவ்வளவு நேரம் வெயில் காய்கிறது? நாக்கை எப்போது அடிக்கடி நீட்டுகிறது? எழுதி வையுங்கள். அடிபட்ட உடும்பைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். புற்றை இடிக்க வருபவரிடம், உடும்பு அதில் முட்டையிடக்கூடும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

பெட்டியில் அடைத்த உடும்பு தன் வாழ்க்கையில் எதையும் உங்களுக்குக் காட்டாது. புற்றருகே திரியும் உடும்போ நாள்தோறும் ஒரு பாடம் நடத்தும். எது உங்களுக்கு வேண்டும்?