குடல்வாழ் நுண்ணுயிர்களும் மலைநாட்டுப் பிள்ளைகளும்

கிருமி என்றதும் நோயையே நினைக்குமாறு பழக்கப்பட்டவர் நாம். எனினும், மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன என்றும், உடலின் சொந்தக் கலங்களின் தொகைக்கு அவை ஏறக்குறைய ஈடாகும் என்றும் 2016 இல் வெளியான கணக்கொன்று கூறுகின்றது. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் குடியிருப்பவை. நாம் உண்பதில் நமக்குச் செரியாதது அவற்றுக்கு உணவாகின்றது; அவை வெளிவிடும் பொருள்களோ நமக்குப் பயன்படுகின்றன.

இவ்வுறவு மருத்துவத்துக்கு உதவும் என்பதற்கு வேலூர் தக்க சான்று. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் துணைவரும் வாந்திபேதி நோயாளர் 48 பேரிடம் நடத்திய ஆராய்ச்சி 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசலுடன், சிறுகுடலில் செரியாத சோளமாவைச் சேர்த்து ஒரு சாராருக்கு அளித்தனர். அம்மா பெருங்குடலை அடைந்ததும் பற்றீரியாக்கள் அதனைப் புளிக்கச் செய்து சில அமிலங்களை ஆக்கின. அவ்வமிலங்கள் உப்பையும் நீரையும் குடல் உறிஞ்சத் துணைநின்றன. வழக்கமான கரைசல் மட்டும் பருகியோருக்குச் சராசரி 91 மணி நேரம் நீடித்த பேதி, இவர்களுக்கு 57 மணி நேரத்தில் நின்றது. சமைத்து ஆறிய சோற்றிலும் இத்தகைய செரியா மாச்சத்து ஓரளவு கூடுகின்றது. இதைக் கொண்டு பழஞ்சோறே சகல நோய்க்கும் மருந்து என முழங்குவோரை நாம் பின்பற்றவேண்டியதில்லை. போத்தலில் அடைத்த பற்றீரியாக்களை ஆயுள் வளர்க்கும் அமிர்தமென விற்போரையும் அவ்வாறே.

நம் நெஞ்சைத் தொடுவது டாக்காவிலிருந்து வந்த செய்தி. அமெரிக்க அறிஞர் ஜெப்ரி கோர்டனும் வங்காளதேசத்தின் தஹ்மீத் அஹ்மதும், ஊட்டங்குன்றிய குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் வயதுக்கேற்ப முதிராது பின்தங்கி நிற்பதைக் கண்டனர். அதனை வளர்க்கவென்றே கடலை, சோயா, கச்சான், வாழைக்காய் ஆகியவற்றைச் சேர்த்து ஓர் உணவு ஆக்கினர். வழக்கமான ஊட்டவுணவிலும் குறைந்த சக்தியையே அது தந்தபோதிலும், அதனை உண்ட குழந்தைகளின் எடை விரைந்து ஏறியதென 2021 இல் அறிவித்தனர். கண்டிச் சந்தையில் கிடைக்காத பொருள் எதுவும் அதில் இல்லை.

ஆயினும், அவ்வுணவை அப்படியே இங்குக் கொணர்ந்தால் போதும் என்று நாம் கூறமாட்டோம். மூன்று மாதங்கள் நடந்த அச்சோதனையில் எடை ஏறியதே தவிர, உயரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. நம் தோட்டப்புறத்தின் குறையோ உயரத்திலும் உள்ளது. 2016 ஆம் ஆண்டின் சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்டோருள் நூற்றுக்கு 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர். தோட்டப் பிள்ளைகளுள் அது 31.7 வீதம். கோதுமை ரொட்டியும் சம்பலும் தேநீருமாக வளரும் பிள்ளையின் குடலில் எவ்வகை உயிர்கள் வாழ்கின்றன? சோளமும் சோயாவும் கலந்த திரிபோஷா மாவை உண்டபின் அவற்றுள் எவை பெருகுகின்றன? அயலார் குடலை ஆராய்ந்து இவற்றுக்கு விடை காண இயலாது. உலகெங்கும் திரட்டிய மனித நுண்ணுயிர் மாதிரிகளுள், பிறப்பிடம் தெரிந்தவற்றில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்தவை என 2022 இல் கணக்கிட்டனர்.

இவ்வாராய்ச்சிக்குக் கண்டியிலும் வாய்ப்பான இடம் அரிது. பேராதனையில் 1962 இல் தோன்றிய மருத்துவ பீடம் உண்டு. விவசாய பீடமும் அவ்வளாகத்திலேயே உண்டு. ஹந்தானை, கலஹாத் தோட்டங்களும் தொலைவில் இல்லை. ஆனால், குழந்தையின் மலத்தை மாதந்தோறும் சேர்த்துத் தருமாறு லயத்திலுள்ள தாயொருத்தியைக் கேட்பது எளிதன்று. எதற்காகக் கேட்கின்றோம், அதனால் அவள் பிள்ளைக்கு யாது பயன் என்று அவளது தமிழிலேயே எடுத்துரைக்கவும், அவள் மறுத்தால் அம்மறுப்பை மதித்துத் திரும்பவும் தெரிந்தவர் வேண்டும். தோட்டங்களிலிருந்து பஸ்ஸேறி வந்து நம்முடன் ஒரே வாங்கில் அமர்ந்து கற்றோர் பலர். இன்றும் அவ்வாறு வருவோர் உளர். அத்தகைய மாணவர் ஒருவர் பேராதனையில் இத்துறையைக் கற்றுப் பட்டம் பெறும்வரை, ஆகும் செலவை விழா நிதியிலிருந்து பழைய மாணவர் சங்கம் ஏற்கவேண்டும் என்பது நமது கோரிக்கை. நினைவுத்தூணுக்கென ஒதுக்கிய தொகையை இதற்கு மாற்றினாலும் நமக்கு மறுப்பில்லை.