சமர்த்துக் குழந்தை

"ரொம்ப சமர்த்து, அழுவதே இல்லை!" பிறந்து ஐந்து நாளான குழந்தையைப் பற்றி வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். சில சமயம் அது பயப்பட வேண்டிய பேச்சு.

செப்சிஸ் என்பதை 'ரத்தத்தில் கிருமி பரவுதல்' என்று பலமுறை மொழிபெயர்த்திருக்கிறேன். தாய்க்கு அதனால் என்ன புரியும்? பெரியவர்களுக்கென்றால் உடம்பு கொதிக்கும். பச்சிளங்குழந்தைக்கு, அதிலும் குறைமாதக் குழந்தைக்கு, சில்லிட்டும் போகலாம்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி 1990களில் இதைத் தாய்மார்களின் பாஷைக்கே கொண்டுவந்தார்கள். நன்றாக அழுத குழந்தையின் குரல் தேய்ந்துவிட்டதா? பால் குடிப்பது குறைந்ததா? துவண்டு கிடக்கிறதா? மார்பு உள்வாங்கி மூச்சு விடுகிறதா? தொப்புளில் சீழா? இப்படிச் சில அறிகுறிகள். இரண்டு சேர்ந்தால் செப்சிஸ் என்று கொள்ள வேண்டும். பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் வீடுவீடாகப் போய்ப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகாத குழந்தைகளுக்கு, பெற்றோர் சம்மதத்துடன் ஜென்டாமைசின் ஊசியும் போட்டார்கள்.

பலன்? 39 கிராமங்களில் 1993-95இல் ஆயிரம் பிறப்புக்கு 62 ஆக இருந்த பச்சிளங்குழந்தை மரணம், 1997-98இல் 25.5 ஆனது. 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. ஆஷா பணியாளர்கள் பிரசவமான வீடுகளுக்குப் போய்க் குழந்தையைப் பார்க்கும் திட்டம் 2011இல் நாடெங்கும் வந்தது. அதற்கு முன்னோடி கட்சிரோலிதான்.

எனவே, யாராவது 'சமர்த்து' என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசியாகப் பால் குடித்தது எப்போது? பதில் தயங்கி வந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.