துணையுடன் வாழ என்ன தகுதி வேண்டும்?

நெய்வேலி நகரியத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் கூடும் இடங்களில் இப்போது பழுப்பு நிலக்கரியைவிட விசாவைப் பற்றிய பேச்சே மிகுதி. 1956-இல் நிறுவனம் தொடங்கியபின் பல மாநிலங்களிலிருந்து இங்கு வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று லண்டனிலும் டாலஸிலும் மியூனிக்கிலும் இருக்கின்றனர். அவர்களுள் சிலர் அந்நாட்டவரையே மணக்கின்றனர். சிலர் அங்குக் குடியுரிமை பெற்றபின் ஊருக்கு வந்து மணமுடித்துத் திரும்புகின்றனர். மணம் முடிந்த மறுவாரமே வங்கிக் கணக்கு அறிக்கையும் சம்பளச் சீட்டும் தேடத் தொடங்குகிறார்கள்.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டுத் துணையை அழைத்துக்கொள்ள விரும்பும் பிரிட்டன் குடிமகன் ஆண்டுக்கு 18,600 பவுண்டு ஈட்ட வேண்டும் என்ற விதி 2012 ஜூலையில் வந்தது. 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000 பவுண்டாக உயர்ந்தது. நம் பணத்தில் முப்பது லட்சத்துக்கும் மேல். அதை 38,700 ஆக்கும் திட்டத்தை அடுத்து வந்த அரசு நிறுத்தி வைத்தது.

இந்த 29,000 எவ்வளவு பெரிய தொகை? 2025 ஏப்ரலில் அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. ஒருவர் வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுவதும் உழைத்தாலும் சுமார் 25,400 பவுண்டுதான் கிடைக்கும். சட்டம் ‘போதும்’ என்று நிர்ணயித்த கூலியைப் பெறுபவருக்கு, மனைவியை அழைக்க அந்தக் கூலி போதாது என்று அதே சட்டம் சொல்கிறது. சேமிப்பைக் காட்டி ஈடுசெய்ய முனைந்தால் 88,500 பவுண்டு கையிருப்பு வேண்டும்.

பொருளியல் நோக்கில் எனக்கு விந்தையாகப்படுவது வேறொன்று. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் துணையின் சம்பளம் இந்தக் கணக்கில் சேராது. நெய்வேலியில் பிறந்து சென்னையில் நல்ல ஊதியம் பெறும் மென்பொருள் பொறியாளரோ செவிலியரோ பிரிட்டனில் வேலைக்குச் சேர்ந்த மறுமாதமே வரி செலுத்தக்கூடியவர். ஆனால் விண்ணப்ப நாளில் அவருடைய ஈட்டும் திறனின் மதிப்பு சுழியம். ‘அரசுக்குச் சுமையாகிவிடக் கூடாது’ என்பதே வரம்புக்குச் சொல்லப்படும் நியாயம். துணை விசாவில் வருபவர் அரசின் நலத்தொகைகளைப் பெறத் தகுதியற்றவர் என்பது விசாவிலேயே நிபந்தனை. நலவாழ்வுக் கூடுதல் கட்டணமாக ஆண்டுக்கு 1,035 பவுண்டு முன்கூட்டியே வசூலிக்கப்படுகிறது. சுமைக்கு விலையும் வாங்கிக்கொண்டு, சுமையைக் காரணம் காட்டித் தடுக்கவும் செய்வது எந்தப் பாடநூலில் உள்ள கணக்கு?

2017-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரம்பைக் கொள்கையளவில் ஏற்றது. குழந்தைகளின் நலனை விதிகள் போதிய அளவு கருதவில்லை என்றும் கண்டித்தது. 2025 ஜூனில் அந்நாட்டுக் குடியேற்ற ஆலோசனைக் குழு, குடும்ப வாழ்வுக்கு முதன்மை தருவதானால் 23,000 முதல் 25,000 பவுண்டு வரையிலான வரம்பே போதும் என்றது. அமெரிக்காவிலும் வருமான நிபந்தனை உண்டு. ஆனால் அது வறுமைக்கோட்டின் 125 விழுக்காட்டோடு நின்றுவிடும். குறைந்தால் உறவினரோ நண்பரோ கூட்டுப் பொறுப்பேற்கலாம்.

இவற்றையெல்லாம் சுட்டிக்காட்டி மேலைநாடுகளைக் குறை கூறுவது எளிது. நம் சட்டம் வெளிநாட்டுத் துணையை எப்படி நடத்துகிறது?

பாஸ்போர்ட்டோடும் விசாவோடும் வந்த துணையை அது தாராளமாகவே நடத்துகிறது. வருமான வரம்பு கிடையாது. மணம் பதிவாகி ஈராண்டு நிலைத்திருந்தால் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் ஏழாண்டு வசித்தபின், குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்கீழ் குடிமகனாகவே பதிவுசெய்ய விண்ணப்பிக்கலாம். ஒரு ஜெர்மானிய மருமகள் நெய்வேலியிலேயே வாழ விரும்பினால் வழி இருக்கிறது.

ஆனால் அதே 5-ஆவது பிரிவு ‘சட்டவிரோதக் குடியேறி அல்லாத’ என்ற சொற்களோடு தொடங்குகிறது. செல்லத்தக்க பயண ஆவணமின்றி நுழைந்தவர் சட்டவிரோதக் குடியேறி என்பது வரையறை. 1983-க்குப் பின் உயிருக்கு அஞ்சிப் படகேறி வந்த இலங்கைத் தமிழர்களுள் எத்தனை பேர் விசா முத்திரையோடு வந்திருக்க முடியும்? கடலூர் மாவட்டம் உட்படத் தமிழகமெங்கும் உள்ள மறுவாழ்வு முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். அவ்வாறு ஆவணமின்றி வந்த ஒருவர் உள்ளூர் இந்தியரை மணந்து முப்பது ஆண்டு இங்கேயே குடும்பம் நடத்தினாலும், மணத்தின் பேரில் குடியுரிமை கேட்க அவருக்கு வழியில்லை. ஜெர்மானிய மருமகளுக்கு ஏழாண்டு. தமிழ் பேசும் மருமகளுக்கு முடிவே இல்லை.

விளைவு பிள்ளைகள் வரை நீள்கிறது. 2004 டிசம்பர் 3-க்குப் பின் இந்தியாவில் பிறந்த குழந்தை, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி எனில், பிறப்பால் இந்தியக் குடிமகன் ஆகாது. தந்தை வாக்காளர், தாத்தாவுக்கு இங்கே நிலம், பிள்ளைக்கு மட்டும் நாடில்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் பல பிள்ளைகளுக்கு இது தெரியவரும்.

2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றது. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டத்தின்கீழ், 2015 ஜனவரி 9 வரை இங்குத் தஞ்சமடைந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா நிபந்தனைகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. எனினும் குடியுரிமைச் சட்டத்தில் உள்ள வரையறை மாறவில்லை. வழக்குக்கும் தண்டனைக்கும் அஞ்சாமல் இங்கே இருக்கலாம், குடிமகனாக முடியாது.

பெரிய சட்டம் எதுவும் தேவையில்லை. விலக்கு பெற்ற இந்தப் பிரிவினரை, இந்தியரை மணந்தவர்கள் அளவிலும் அவர்களுடைய பிள்ளைகள் அளவிலுமாவது, ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறையிலிருந்து நீக்கும் ஒரு காப்புரை போதும். 2019-இல் அதே பிரிவில் அப்படியொரு காப்புரை சேர்க்கப்பட்டது. யார் யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்ற பதிவேடு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் ஏற்கெனவே இருக்கிறது.