மாற்றுப் பொருளுக்கும் வரியா?

நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்று நம் ஊர்ப்பக்கம் சொல்வார்கள். எனக்குச் சென்ற பருவத்தில் இரண்டு சூடு விழுந்தது. அந்தக் கதையைச் சங்கத்து நண்பர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

என் ஆராய்ச்சிக்கு ஓர் ஒளி வடிகட்டி வேண்டியிருந்தது. பச்சை ஒளியை மட்டும் விட்டு மற்ற நிறங்களைத் தடுக்கும் சிறு கண்ணாடி வில்லை அது. ஆய்வுக்கூடத்து நிதி வரும்வரை காத்திருந்தால் பருவமே முடிந்துவிடும். ஆகவே உதவித் தொகையில் மிச்சம் பிடித்து, என் பெயரிலேயே ஜெர்மனியிலிருந்து வரவழைத்தேன். சுங்க வரி ஏறக்குறைய ஒரு மாதத்து உணவு விடுதிக் கட்டணம். முணுமுணுக்காமல் கட்டினேன். வரி கேட்பது அரசாங்கத்தின் உரிமை. வள்ளுவரே உல்கு பொருளை வேந்தன் பொருளாக எண்ணியிருக்கிறார்.

பெட்டியைப் பிரித்துக் கருவியில் பொருத்தினால், வந்திருந்தது சிவப்பு வடிகட்டி! விற்றவர்களுக்கு எழுதினேன். "தவறு எங்களுடையது. சரியானதை இலவசமாக அனுப்புகிறோம். பழையதைத் திருப்ப வேண்டாம், எறிந்துவிடுங்கள்" என்று பெருந்தன்மையான பதில் வந்தது. நானும் எறிந்துவிட்டேன். இரண்டு வாரத்தில் மாற்று வந்தது. கூடவே இரண்டாவது வரிச் சீட்டும் வந்தது!

"இது இலவசமாக வந்தது, ஐயா" என்றேன்.

"உங்களுக்கு இலவசம். பொருளுக்கு மதிப்பு உண்டே!" என்றார் அலுவலர்.

அவர் சொன்னதில் பிழையில்லை. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் வரி விதிப்பது விற்பனையின் மீது அன்று. நாட்டுக்குள் வரும் சரக்கின் மீது. உண்மையில் எனக்குத் திரும்ப வரவேண்டியது இரண்டாம் வரி அன்று, முதல் வரியே. அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2009-இல் சேர்க்கப்பட்ட 26ஏ பிரிவின்படி, பழுதான பொருளுக்கும், பேசியபடி இல்லாத பொருளுக்கும் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம். குறையைக் கண்டறிய இன்றியமையாத அளவுக்கு மேல் அதைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. சுங்கம் விடுவித்த 30 நாளுக்குள் திருப்பி அனுப்பவேண்டும். அல்லது சுங்கத்திடமே ஒப்படைக்கவேண்டும். அல்லது அதிகாரி முன்னிலையில் அழிக்கவேண்டும். நானோ குப்பைத் தொட்டியின் முன்னிலையில் அழித்துவிட்டேன்!

சட்டம் நல்லதுதான். ஆனால் அது யாருக்கு எட்டுகிறது? கப்பல் கப்பலாக இறக்குமதி செய்பவனுக்கு முகவர் உண்டு, வழக்கறிஞர் உண்டு. ஒற்றை வில்லை வாங்கிய மாணவனுக்கு யார் உண்டு? வரிச் சீட்டின் பின்புறம் இதை நாலு வரியில் அச்சிட்டால் என்ன? விற்றவரிடமிருந்து பதில் வருவதற்குள் பாதி நாள் ஓடிவிடுகிறதே. சிறு பொருளுக்கு அந்தக் கெடுவை நீட்டினால் என்ன? ஆணையர் நீட்டித் தரலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஒரு வில்லைக்காக எந்த மாணவன் ஆணையர் அலுவலகப் படியேறுவான்?

"இளகிக் கொடுத்தால் ஏமாற்றுவார்களே, பழுது என்று சொல்லி இரண்டையும் வைத்துக்கொள்வார்களே" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அதற்கு எளிய வழி இருக்கிறது. மாற்றுப் பொருளைக் கொடுக்க வருகிறவரே தவறான பொருளைக் கையோடு வாங்கிச் சுங்கத்திடம் சேர்க்கட்டும். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகவேண்டும். இதில் அரசாங்கத்துக்குக் காசு நட்டமில்லை. குடிமகனுக்கும் இரட்டைச் சுமை இல்லை.

அந்த நாள் வரும்வரை, நண்பர்களே, இதை நினைவில் வையுங்கள். தவறான பொருள் வந்தால் எறியாதீர்கள். பெட்டியையும் வரிச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். மாற்றுக்கு ஒப்புக்கொள்ளும் முன், "இரண்டாம் வரியை யார் கட்டுவது?" என்று விற்றவரையே எழுத்தில் கேளுங்கள். தவறு செய்தவர் அவர். தண்டம் மட்டும் நமக்கு ஏன்?

என் பச்சை வடிகட்டி இப்போது நன்றாக வேலை செய்கிறது. பார்க்கும்போதெல்லாம் இரண்டு மாதத்துச் சாப்பாடு நினைவுக்கு வருகிறது.