நாக்கு மார்க்கு போடும்; உயிரைக் காக்காது!

என்னிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருக்கிறது. 40 பக்கம், கோடு போட்டது. 2020-ம் ஆண்டு ஊரடங்கு நேரத்தில் நாங்கள் போட்ட மார்க்குகள் அதில் உள்ளன. பரீட்சை மார்க்கு அல்ல. ஒயினுக்குப் போட்ட மார்க்கு!

அந்த நோட்டில் முதல் இடம் பிடித்த சரக்கு எது தெரியுமா? யார் தயாரித்தது என்று யாருக்குமே தெரியாத ஒன்று. 10-க்கு 8 மார்க்கு. போட்டவன் வேறு யாரும் அல்ல, நான்தான்.

அந்த 8 மார்க்கின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். ரெயிலில் நின்றுகொண்டு படிக்கிறவர்களும் கல்லாவில் உட்கார்ந்து படிக்கிறவர்களும் கொஞ்சம் காது கொடுங்கள்.

கடை பூட்டியது

2020 மார்ச் 24-ந்தேதி மாலை தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகள் பூட்டப்பட்டன. மே 7-ந்தேதி திறந்தார்கள். அன்று ஒரே நாளில் 170 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை! மறுநாளே ஐகோர்ட்டு மூடச் சொன்னது. இடைவெளி இல்லை, கட்டுப்பாடு இல்லை என்பது காரணம். மே 15-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. 16-ந்தேதி வெளி மாவட்டங்களில் மறுபடி கடை திறந்தது.

நம் ஊர்க் கதை வேறு. அப்போது தாம்பரத்துக்குத் தனி மாநகராட்சியும் இல்லை, தனி போலீஸ் கமிஷனரும் இல்லை. தாம்பரம், சேலையூர் எல்லாம் சென்னை போலீஸ் எல்லை. அந்த எல்லைக்குள் ஆகஸ்டு 18-ந்தேதிதான் கடை திறந்தது. கிட்டத்தட்ட ஐந்து மாதம்!

ஐந்து மாதமும் எல்லோரும் சும்மாவா இருந்தார்கள்? ஜி.எஸ்.டி. ரோட்டில் எல்லை தாண்டப் பார்த்தவர்கள் உண்டு. பல மடங்கு விலை கொடுத்துக் கள்ள மார்க்கெட்டில் வாங்கியவர்கள் உண்டு. வீட்டிலேயே ஊறல் போட்டவர்களும் உண்டு.

மொட்டை மாடி பரீட்சை

நாங்கள் குடியிருந்தது கிழக்கு தாம்பரத்தில் ஒரு காம்பவுண்டு வீடு. நாலு குடித்தனம். கீழ்ப் போர்ஷனில் ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். எங்களுக்கு அவர் அங்கிள். அவர் மனைவி ஆன்ட்டி. பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்தில் கிறிஸ்துமசுக்குக் கேக்கும் ஒயினும் தயாராகிற வீடுகள் எத்தனையோ. அதில் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர் ஆன்ட்டி.

அந்த ஏப்ரலில் லோடு ஆட்டோவில் பன்னீர் திராட்சை கூவிக் கூவி விற்றது. ஆன்ட்டி வாங்கினார். கழுவி, துடைத்து, பீங்கான் ஜாடியில் போட்டு, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு சேர்த்தார். மூடியை இறுக்கவில்லை. வாயில் துணி கட்டினார். "உள்ளே காத்து கெளம்பும் தம்பி. இறுக்கி மூடினா ஜாடி வெடிச்சிரும்" என்றார். தினமும் மரக் கரண்டியால் ஒரு கிண்டு. 21 நாள் கழித்து வடிகட்டினார்.

மே மாதம் ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் பரீட்சை ஆரம்பமானது. ஆளுக்கு ஆள் தள்ளி உட்கார்ந்தோம். நிறத்துக்கு 2 மார்க்கு, வாசனைக்கு 3, ருசிக்கு 5.

"முதல்ல வெளிச்சத்துல பாரு. அப்புறம் டம்ளரைச் சுத்து. மோந்து பாரு. ஒரு வாய் எடுத்து நாக்குல உருட்டு. அப்புறம் துப்பு" என்றார் அங்கிள்.

"துப்பணுமா? கடை பூட்டிக் கெடக்கிற நேரத்துலயா?" என்று மாடி வீட்டு அண்ணன் கேட்டார். ஒரே சிரிப்பு.

முந்தைய கிறிஸ்துமஸ் ஒயினுக்கு 7. புது திராட்சைக்கு 6. அன்னாசிப் பழத்தில் போட்டதற்கு 4. அது புளித்த மோர் மாதிரி இருந்தது. ஆன்ட்டிக்குக் கோபம். "உனக்கு நாக்கே இல்லை தம்பி!" என்றார்.

நாங்கள் மட்டும் அல்ல. உலகம் முழுக்க அந்த மாதங்களில் வீட்டுக்குள் இதே விளையாட்டுதான். பணக்கார நாடுகளில் குட்டிப் பாட்டில்களை வீட்டுக்கு வரவழைத்து, வீடியோவில் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு மார்க்கு போட்டார்கள். அங்கே இது பெரிய தொழில். ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்கர் 100 மார்க்கு முறையைப் பிரபலப்படுத்தினார். அவர் மார்க்கு போட்டால் விலை ஏறும், இறங்கும்.

ஆனால் அந்த நாக்குகளின் லட்சணம் என்ன? பிரான்சு நாட்டில் போர்தோ என்ற ஊர் ஒயினுக்குப் பேர் போனது. அங்கே ஒயின் பற்றியே படிக்கிற 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சாயத்துக்கு ருசி கிடையாது. மாணவர்கள் என்ன எழுதினார்கள் தெரியுமா? சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வர்ணனைகளை எல்லாம் அடுக்கி எழுதினார்கள்! 2001-ல் வெளிவந்த ஆராய்ச்சி இது. படித்தவன் நாக்கே இப்படி என்றால், பிளஸ்-2 படித்த என் நாக்கு எந்த மூலைக்கு?

தண்ணீர் பாட்டிலில் வந்தது

மூன்றாவது வாரம். அங்கிள் இன்னும் மாடிக்கு வரவில்லை. பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் வந்தார். கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். உள்ளே இருந்ததும் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருந்தது.

"தெரிஞ்சவன் கொடுத்தான். சுத்தமான சரக்காம். இதுக்கும் மார்க்கு போடுங்க" என்றார்.

நான் ஒரு வாய் குடித்தேன். துப்பவில்லை. தொண்டையில் ஜில் என்று இறங்கிச் சுள் என்று ஏறியது. கசப்பு இல்லை, நாற்றம் இல்லை. நோட்டை எடுத்து 8 என்று எழுதினேன்.

அங்கிள் படியேறி வந்தார். பாட்டிலைப் பார்த்தார். "யார் காய்ச்சினது?" என்றார்.

"தெரிஞ்சவன்தான் அங்கிள்."

"தெரிஞ்சவன் கொடுத்தான். சரி. காய்ச்சினவன் யாரு?"

யாரும் வாய் திறக்கவில்லை. பாட்டிலை வாங்கி மொட்டை மாடி குழாயடியில் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தார். என் பக்கம் திரும்பி, "குடிச்சியா?" என்றார். "ஒரு வாய்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. டியூப் லைட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மங்குகிறதா? மங்கவில்லையா? கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தேன். விடிந்தது. வெளிச்சம் தெரிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் புத்திசாலித்தனம் அல்ல. அதிர்ஷ்டம்.

அதிர்ஷ்டம் இல்லாதவர்கள்

அதே 2020 ஏப்ரலில் செங்கல்பட்டில் மது கிடைக்காமல் வார்னிஷ் குடித்த 3 பேர் செத்தார்கள். புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்த 3 பேர் செத்தார்கள். ஜூலை கடைசியில் ஆந்திராவில் பிரகாசம் மாவட்டம் குறிச்சேடு என்ற ஊரில் சானிடைசர் குடித்து 10 பேருக்கு மேல் பலி. ஈரான் நாட்டில் கொரோனாவுக்கு மருந்து என்ற வதந்தியை நம்பி மெத்தனால் குடித்து நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

நாங்கள் மாடியில் உட்கார்ந்து வாசனைக்கு 3-ஆ 2-ஆ என்று சண்டை போட்ட அதே நாட்கள்!

ஊரடங்கு போனது. சாவு போகவில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் விஷச் சாராயம் 22 உயிரைக் குடித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் ஆரம்பித்த ஓலம், 65 பேருக்கு மேல் பலி வாங்கி ஓய்ந்தது. இரண்டு இடத்திலும் எமன் ஒன்றே. மெத்தனால்!

நாக்குக்குத் தெரியாது

மெத்தனால் என்பது தொழிற்சாலைச் சாமான். பெயிண்டு, ரசாயனத் தொழிலுக்கு உதவுவது. குடிக்கிற சாராயத்தில் இருப்பது எத்தனால். இரண்டுக்கும் நிறம் கிடையாது. வாடையும் ஏறக்குறைய ஒன்றுதான். கலந்து கொடுத்தால் நாக்கு கண்டுபிடிக்காது.

உள்ளே போனதும் என்ன நடக்கிறது? ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் முதலில் கண் நரம்பைத்தான் பிடிக்கும். 10 மில்லி கண்ணைப் பறிக்கலாம். 30 மில்லி ஆளையே முடிக்கலாம். ஒரு டீ கிளாசில் கால் பங்கு கூட வேண்டாம்!

இதில் பெரிய கொடுமை, அது உடனே காட்டாது. 12 மணி, 24 மணி நேரம் கழித்துத்தான் தலைவலி, வாந்தி, வயிற்று வலி, கண் மங்கல். "நான் குடிச்சுப் பார்த்துட்டேன், ஒண்ணும் ஆகலை" என்று ஒருவன் சொல்லி, அவனை நம்பி ஊரே குடிக்க அந்த இடைவெளி போதும். நான் 8 மார்க்கு போட்டதும் அந்த இடைவெளியில்தான்.

சாராயம்தான் அப்படி, சீல் வைத்த ஒயின் அப்படி இல்லை என்பீர்களா? 1986-ல் இத்தாலி நாட்டில் வியாபாரிகள் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்தார்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பலருக்குக் கண் போயிற்று. ஒயினிலேயே பிறந்து வளர்ந்த ஜனங்கள் அவர்கள். அவர்கள் நாக்கும் காப்பாற்றவில்லை.

ஆன்ட்டியின் ஜாடி வேறு

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திராட்சையை ஊற வைப்பது வேறு, காய்ச்சி வடிப்பது வேறு. பழத்தில் இருந்து தானாக வரும் மெத்தனால் மிகச் சொற்பம். ஆன்ட்டியின் ஒயின் குடித்துக் கண் போனவன் எங்கள் காம்பவுண்டில் இல்லை. ஆனால் சட்டம் சட்டம்தான். 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஜாடியா, பானையா என்று சட்டம் பார்ப்பது இல்லை. இதை ஆன்ட்டியிடம் சொன்னேன். "அப்போ என்னைப் பிடிச்சுட்டுப் போ" என்று கையை நீட்டினார்.

ஆன்ட்டியின் ஜாடியில் ஒரு நல்லது உண்டு. அதில் என்ன போட்டார், எப்போது போட்டார், எந்தக் கையால் கிண்டினார் என்று நாலு குடித்தனத்துக்கும் தெரியும். தண்ணீர் பாட்டிலில் வந்ததற்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. வித்தியாசம் ருசியில் இல்லை. பொறுப்பு சொல்ல ஆள் உண்டா, இல்லையா என்பதில் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

குடிக்காதே என்று சொல்வது சுலபம். அதைச் சொல்லிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். ஆனால் பல வருஷம் தினமும் குடித்தவன் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கும், பிதற்றுவான், வலிப்பு கூட வரும். வார்னிஷ் டப்பாவைத் திறந்தவன் கொழுப்பெடுத்துத் திறக்கவில்லை. உடம்பு படுத்திய பாடு. இனி என்றைக்காவது கடையை ஒரே ராத்திரியில் பூட்டினால், மறுநாள் காலை அரசு ஆஸ்பத்திரிகளில் அவர்களுக்கு வைத்தியம் தயாராக இருக்க வேண்டும். இன்றும் குடியை விட நினைப்பவர்கள் 14446 என்ற இலவச எண்ணைக் கூப்பிடலாம்.

அடுத்தது மெத்தனால். மெத்தனாலுக்கும் வார்னிஷுக்கும் சேர்த்து 1959-ம் ஆண்டே தமிழ்நாட்டில் விதி போட்டிருக்கிறார்கள். 2024-ல் கள்ளக்குறிச்சிக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தி, சாவுக்குக் காரணமானவனுக்கு ஆயுள் தண்டனை என்றார்கள். நல்லது. ஆனால் தண்டனை சாவுக்குப் பின்னால் வருவது. கணக்கு சாவுக்கு முன்னால் வர வேண்டியது. ஒவ்வொரு பீப்பாயும் எந்தக் கம்பெனியில் புறப்பட்டது, எந்தக் கம்பெனியில் இறங்கியது, எத்தனை லிட்டர் குறைந்தது? நம் புறநகரைச் சுற்றி எத்தனை தொழிற்பேட்டை! ஓர் அதிகாரி இந்தக் கணக்கை ஒழுங்காகப் பார்த்தால் ஒரு கிராமம் பிழைக்கும்.

கடைசியாக நமக்கு. யாராவது கண்டதைக் குடித்துவிட்டு வயிறு வலிக்கிறது, கண் மங்குகிறது என்றால் போலீசுக்குப் பயந்து வீட்டில் படுக்க வைக்காதீர்கள். மோர், எலுமிச்சை, உப்புத் தண்ணீர் எதுவும் விஷத்தை முறிக்காது. 108-ஐக் கூப்பிடுங்கள். செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியோ, வேறு அரசு ஆஸ்பத்திரியோ, எது பக்கமோ அங்கே போங்கள். என்ன குடித்தார் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. சீக்கிரம் போனால் உயிரும் கண்ணும் தப்பலாம். அவருடன் குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் கூட்டிப் போங்கள்.

அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. 2023 மே மாதம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குச் செய்தி சேகரிக்கப் போய்விட்டுத் திரும்பிய ராத்திரி, அதை எடுத்தேன். 8-ஐ அடித்தேன். பக்கத்தில் 0 என்று எழுதினேன்.

அது சரக்குக்குப் போட்ட மார்க்கு அல்ல. எனக்குப் போட்டுக்கொண்ட மார்க்கு!