குழியின் ஓரத்தில் நின்ற காவலர்



மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் உரோமை ஜெமெல்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த நாள்களில், 2025 பிப்ரவரி 24 அன்று, சில புனிதர் பட்ட ஆணைகளுக்கு ஒப்புதல் அளித்தார். அதன்படி 'வணக்கத்துக்குரியவர்' என்று அறிவிக்கப்பட்டோரில் ஒருவர் குருவும் அல்ல, துறவியும் அல்ல. அவர் பணியில் இருந்தபோது கொல்லப்பட்ட இத்தாலியக் காவலர் சால்வோ தாக்விஸ்தோ.

நேப்பிள்ஸ் நகரில் 1920-இல் பிறந்த இவர், கராபினியெரி என்னும் காவல் படையில் சேர்ந்தார். 1943-இல் உரோமைக்கு அருகே ஒரு சிறிய காவல் நிலையத்தில் பணியாற்றினார். அந்த ஆண்டு செப்டம்பர் 8, அன்னை மரியாவின் பிறப்பு விழா நாளில், இத்தாலி நேச நாடுகளோடு செய்த போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அரசனும் பிரதமரும் தலைநகரை விட்டு வெளியேறினார்கள். படைகள் சிதறின. ஜெர்மானியப் படை நாட்டைக் கைப்பற்றியது. மேலிடத்திலிருந்து கட்டளை தர யாரும் இல்லை. ஆனாலும் சால்வோ தம் நிலையத்தை விட்டுப் போகவில்லை.

பாலிதோரோ என்ற இடத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த வெடிபொருள்களை ஜெர்மானிய வீரர்கள் சோதித்தபோது அவை வெடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அதைச் சதி என்று கருதி ஊர்மக்கள் 22 பேரைப் பிடித்தார்கள். அது விபத்து என்று சால்வோ எடுத்துச் சொல்லியும் பயனில்லை. பிடிபட்டவர்கள் தங்களுக்கான குழியைத் தாங்களே தோண்ட வேண்டியதாயிற்று. அப்போது சால்வோ, தாம் செய்யாத குற்றத்தைத் தாம் ஒருவரே செய்ததாக ஏற்றுக்கொண்டார். மற்றவர்கள் விடுவிக்கப்பட, அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று செப்டம்பர் 23. அவருக்கு வயது 22.

இவரைப் புனித நிலைக்கு உயர்த்தும் நடவடிக்கை 1983-இல் தொடங்கியது. ஆனால் ஒரு கேள்வி இருந்தது. விசுவாசத்தின் மீதான வெறுப்பால் கொல்லப்படுபவரே மறைசாட்சி என்பது திரு அவையின் மரபு. அவுஷ்விட்ஸ் முகாமில் இன்னொரு கைதிக்காக உயிர் ஈந்த மாக்சிமிலியன் கோல்பே, 1971-இல் அருளாளரானபோது மறைசாட்சியாக அறிவிக்கப்படவில்லை. 1982-இல் புனிதரானபோதுதான் அப்படி ஏற்கப்பட்டார். இத்தகையோருக்காகவே திருத்தந்தை பிரான்சிஸ், 2017 ஜூலை 11 அன்று, 'உயிரைக் கையளித்தல்' என்னும் தனி வழியைத் திறந்தார். நண்பருக்காக உயிர் கொடுக்கும் அன்பைப் பற்றிய யோவான் 15:13-தான் அந்த ஆவணத்தின் அடிப்படை. இவ்வழியில், பிறரன்பின் பொருட்டுச் சாவை மனமுவந்து ஏற்றிருக்க வேண்டும். அதற்கு முந்தைய வாழ்வில் கிறிஸ்தவ நற்பண்புகள் சாதாரண அளவிலாவது இருந்திருக்க வேண்டும்.

'சாதாரண அளவிலாவது' என்பதைக் கவனியுங்கள். காவல் நிலையத்தில் ஒழுங்காக வேலை பார்த்த ஓர் இளைஞரின் அன்றாட நேர்மையே, அந்த ஒரு மணி நேரத்தில் பெருந்தியாகமாகக் கனிந்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். அந்தக் குழியருகே இரண்டு வகைச் சீருடைகள் நின்றன. ஒன்று ஆயுதமற்றவர்களைக் குழி தோண்ட வைத்தது. மற்றொன்று அவர்களுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே போய் நின்றது. இரண்டையும் அணிந்தவர்கள் தங்கள் கடமையைச் செய்வதாகவே நினைத்திருப்பார்கள். ஆகவே சீருடை தன்னளவில் ஒருவரைப் புனிதராக்குவதில்லை. பலம் இல்லாதவர்முன் அதை அணிந்தவர் எங்கே நிற்கிறார் என்பதே கேள்வி.

லடாக்கில் 1959-இல் உயிர் நீத்த 10 காவலர்களின் நினைவாக, நம் நாட்டில் அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாளாக அனுசரிக்கப்படுகிறது. நம் பங்குகளிலும் காவலர் குடும்பங்கள் உண்டு. கிறிஸ்து பிறப்பு நள்ளிரவில் நாம் உள்ளே பாடும்போது, ஆலய வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியபடி நிற்பவரை நாம் நினைப்பதுண்டா? காவல் நிலையத்தில் அவமானப்பட்டுத் திரும்பியவர்களும் அதே பங்கில்தான் இருக்கிறார்கள். அவர்களின் காயத்தை மறைத்துவிட்டுக் காக்கியைப் புகழ்வது, இறந்த நல்ல காவலருக்கும் மரியாதை ஆகாது.

எனவே வரும் ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில் இருவரையும் சேர்த்துக்கொள்வோம். பணியில் உயிர் ஈந்த காவலர்கள் இறைவனில் இளைப்பாறட்டும். பணியில் இருப்போர், எளியோருக்கும் ஆபத்துக்கும் நடுவே நிற்கும் துணிவைப் பெறட்டும்.