கும்மிக்கு எதுக்குங்க மெட்ரோனோம்?
ஒரே கீபோர்டுக்குள்ள வாத்தியமும் பதிவு பண்ற சீக்வென்சரும் சேர்ந்திருக்கிறது டவுன்ல இருக்கற உங்களுக்குப் புதுசில்ல. 1988-ல வந்த கோர்க் எம்1-லயே 8 டிராக் இருந்துச்சு. எங்கூர்ல அக்கா பையன் இப்பத்தான் பழைய ஒர்க்ஸ்டேஷன் ஒண்ணு வாங்கி, மாரியம்மன் நோம்பிக்குக் கும்மிப்பாட்டு போடறான்.

நல்ல சாமான்தான். சீக்வென்சர் சத்தத்தைப் பதியறதில்லீங்க. எந்தக் கட்டையை எப்ப, எவ்வளவு அழுத்தமா தொட்டோம்னு குறிச்சு வைக்குது. அதனால சுருதி மாறாம வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஸ்டூடியோவுக்குக் காசில்லாத பையனுக்கு இது பெரிய விசயம்.

என் சண்டை குவான்டைஸ் பட்டனோடதான். முன்னப்பின்ன விழுந்த அடியையெல்லாம் கயிறு பிடிச்சு நட்ட நாத்தாட்டம் நேரா நிறுத்திப்போடுது. உருமிக்காரர் இம்மி பிந்தி விடற அடியிலதான் ஆடறவங்களுக்குக் காலே எந்திரிக்கும். அதை நேராக்கினா அப்புறம் அது என்ன கும்மி? அதுவுமில்லாம கும்மி ஒரே வேகத்துல நிக்காது, போகப்போக ஓட்டமெடுக்கும். முன்னெல்லாம் கொட்டுக்காரர் பொம்பளைங்க காலைப் பார்த்து அடிப்பார். இப்ப பெட்டி சொன்ன வேகத்துக்கு அவங்க ஆடறாங்க.

பெட்டியைத் தூக்கி எறியச் சொல்லல. மாப்ளே, மெட்ரோனோமை அணைச்சுட்டு, கிழவி பாடப்பாட கொட்டுக்காரரையே கட்டைமேல விரலால தட்டச் சொல்லிப் பதிவு பண்ணு. அப்புறம் அதைத் திருத்தாதே. ஒவ்வொரு நோம்பிக்கும் அதைப் போடறப்ப அவருக்கும் ஒரு கூலி குடு.